ஈர விறகு

அடுத்த வீட்டு அடுப்பைப் பற்றவைப்பது பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஐயா. சனிக்கிழமை யூதர்கள் நெருப்பைத் தொடமாட்டார்கள். அதனால் எங்கள் லிஸ்பன் தெருவில் சின்ஃபா வீட்டு அடுப்பை வாராவாரம் நான்தான் மூட்டிக்கொடுத்தேன். கூலி கேட்டதில்லை. அவள் மகன் நிசீமைக் கொஞ்ச நேரம் என் மடியில் விடுவாள். எனக்குக் குழந்தை தங்கவில்லை.

இப்போது அவனை, முதலைத் தீவுக்குப் போகிற கப்பலில் ஒளிந்திருந்தான் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். கேட்கிறீர்கள், சொல்கிறேன். பையனைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அது 1497ஆம் வருடம். நம் போர்ச்சுகல் ராஜாவுக்கு ஸ்பெயின் இளவரசியைக் கட்டிக்கொள்ள ஆசை. யூதர்கள் இருக்கும் மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்றாள் அவள். துறைமுகத்தில் இந்தியாவுக்குப் போகக் கப்பல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஊருக்கு அதுதான் பேச்சு. அந்தச் சந்தடியில் ஈஸ்டருக்கு முன் ஆணை வந்தது: யூதப் பிள்ளைகளைப் பிடித்து, ஞானஸ்நானம் கொடுத்து, கிறிஸ்தவ வீடுகளில் வளர்க்க வேண்டும்.

வளர்க்க ஆள் வேண்டுமே. பாதிரியாரிடம் போனேன்.

"பக்கத்து வீட்டுப் பையன்தான் வேணும் சாமி. வேற யாரும் வேணாம்."

"கடையில துணி எடுக்கற மாதிரி கேக்கறியேம்மா" என்று சிரித்தார். ஆனால் சம்மதித்தார். சேவகர்கள் எப்போது வருவார்கள் என்பது எப்படியோ தெருவுக்கே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சின்ஃபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அடுப்புக்குப் பின்னாடி சந்துல புள்ளைய ஒளிச்சு வைக்கப்போறேன். அடுப்பு எரிஞ்சா அங்க எவனும் எட்டிப் பாக்கமாட்டான். நாளைக்கு வெள்ளனவே வந்து மூட்டிடுங்க. புகை மட்டும் வராமப் பாத்துக்கங்க."

மூட்டினேன். சேவகர்கள் பரணைக் கலைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியும் விட்டார்கள். அப்போதுதான் அடுப்புக்குப் பின்னால் இருமல் கேட்டது. நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விரலைக்கூட நீட்டவில்லை. விறகை முந்தின நாள் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

நிசீமுக்கு டியோகோ என்று பெயர் வைத்து என்னிடம் கொடுத்தார்கள். கம்பளிச் சட்டை, தேன் பலகாரம், எதில் குறை வைத்தேன்? 'அம்மா' என்று ஒரு தடவை கூப்பிட இத்தனை வருடமாகக் கெஞ்சுகிறேன். 'மாமி' என்றுதான் வருகிறது. எரிச்சலாக இருக்காதா, சொல்லுங்கள்?

சின்ஃபாவும் பிள்ளைக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வீடு வீடாகத் தேடினாள். அவனை ஊருக்கு வெளியே என் தங்கையிடம் விட்டிருந்தேன்.

"முதலைத் தீவுக்கு அனுப்பிட்டாங்களாம்மா" என்றேன். சில வருடம் முன்பு யூதப் பிள்ளைகளை நிஜமாகவே அங்கே கப்பலேற்றி அனுப்பினார்கள், அதனால் நம்பினாள். சமையல்காரியாகச் சேர்ந்து அந்தத் தீவுக்கே கப்பலேறினாள். வழிக்கு நான்தான் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

"இந்த உதவிய மறக்கமாட்டேன்க்கா" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

பையன் கேட்கும்போதெல்லாம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன்: "உன்னப் பெத்தவ உன்ன விட்டுட்டு முதலைத் தீவுக்குக் கப்பலேறிப் போயிட்டாடா."

இதில் எது பொய், நீங்களே சொல்லுங்கள் ஐயா.