கட்டைவிரலில் இருந்த தேவாலயங்கள்

இருட்டில் நின்றபடி எங்களுக்கு உலகத்தைக் காட்டியவரே! படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் அது சுவரில் நேராக நிற்கும் என்னும் உண்மையை முப்பத்து நான்கு ஆண்டுகள் கைப்பழக்கமாகக் கொண்டவரே! தூசிக்குப் பகையே, துல்லியத்துக்கு உறவே, இக்கட்டடக்கலைக் கல்லூரியின் ஸ்லைடு அறைக்கு ஒரே காவலரே, எங்கள் ‘அடுத்தது’ அண்ணனே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

நீங்கள் ஓய்வுபெறும் நாளுக்கு மடல் எழுத வேண்டும் என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் நூலகரைத்தான் பார்த்தார்கள்.

“எனக்கு எதுகை மோனையெல்லாம் வராதுப்பா” என்று அவர் நழுவப் பார்த்தார்.

“பரவாயில்ல மேடம், அண்ணனுக்கும் வராது” என்றார் வரைபட ஆசிரியர்.

ஆகவே அலங்காரம் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் ஒன்றும் கலக்கவில்லை.

உங்களுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், நூலகரின் கணவரான கட்டட வரலாற்றுப் பேராசிரியர். புதன்கிழமை முதல் வகுப்பு, உலகத் தேவாலயங்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டால் கூடம் கிணறுபோல் இருண்டுவிடும். பேராசிரியர் “அடுத்தது” என்பார். பின்சுவரை ஒட்டி நிற்கும் நீங்கள் ஸ்லைடு எந்திரத்தின் பொத்தானை அழுத்துவீர்கள். ‘கிளக்’ என்று ஒரு சத்தம். நார்வேயின் மரத் தேவாலயம் கருந்தார் மினுங்க, கூரை முனையில் டிராகன் தலைகளோடு வந்து நிற்கும். மீண்டும் ‘கிளக்’. எத்தியோப்பியாவில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த சிலுவை வடிவக் கோயில், கூரை தரைமட்டத்தில் கிடக்க, பள்ளத்துக்குள் மௌனமாக இறங்கும். ஒளிக்கற்றையில் மிதந்த தூசியெல்லாம் அந்தந்த ஊர் வானத்துத் தூசி என்று எங்களுக்குத் தோன்றும். ஜன்னலைத் திறந்தால் வெளியே அதே சைக்கிள் நிறுத்தம்தான் இருக்கும் என்பதை அந்த ஒரு மணி நேரம் யாரும் நம்பியதில்லை.

பாராட்டு மடலில் பிழையைச் சொல்லக் கூடாது என்பார்கள். உங்கள் பிழையைச் சொல்லாமல் உங்கள் பெருமையைச் சொல்ல வழியில்லை.

நீங்கள் வேலைக்கு வந்த முதல் மாதம் அது. பிரான்சில் ஒரு குன்றின் மேல் இருக்கும் சிற்றாலயம். நண்டு ஓடுபோல் வளைந்த கூரை, தடித்த வெள்ளைச் சுவரில் வாரி இறைத்தாற்போல் சின்னச் சின்ன ஜன்னல்கள். தெற்கிலிருந்து பார்த்தால் உயரமான கோபுரம் இடப்பக்கம் நிற்க வேண்டும். உங்கள் கையில் ஸ்லைடு பின்புறமாகத் திரும்பிப்போய்க் கோபுரம் வலப்பக்கம் நின்றது. பேராசிரியர் கவனிக்கவில்லை. அந்தக் கோபுரத்தையே சுட்டிச் சுட்டி இருபது நிமிடம் பேசினார். கடைசி வரிசையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நூலகருக்கு மட்டும் உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் சொன்னார்.

“நீயாவது அங்கயே இருமியிருக்கலாமே?” என்றார் கணவர்.

“இருமினேன். சளி பிடிச்சிருக்கான்னு கேட்டீங்க.”

மறுநாள் பேராசிரியர் வகுப்பில் “நேத்து நாம பாத்தது கண்ணாடிக்குள்ள இருக்குற கோயில்” என்று சொல்லிச் சமாளித்தார். உங்களை ஒரு சொல் கடியவில்லை. அதுதான் உங்களைச் சுட்டது. அன்று மாலையே கடைக்குப் போய்ச் சிவப்பு நகப்பூச்சு வாங்கினீர்கள். “வீட்டம்மாவுக்கா?” என்று கேட்ட கடைக்காரப் பெண்ணிடம் “நாலாயிரம் பேருக்கு” என்றீர்களாம்! நேராகப் பிடித்தால் கீழே இடது மூலையில் வரும்படி, அறையில் இருந்த நாலாயிரம் ஸ்லைடுகளில் ஒவ்வொன்றின் சட்டத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பிறகு இந்தக் கூடத்தில் ஒரு கட்டடம்கூடப் பக்கம் மாறி நின்றதில்லை.

போகப் போகப் பேராசிரியர் “அடுத்தது” என்று சொல்வதையே விட்டுவிட்டார். அவர் மூச்சு இழுப்பதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். “இருபது வருஷமா கூட இருக்கேன், எப்பப் பேச்சை முடிப்பாருன்னு எனக்குத் தெரியல. அண்ணன் கட்டைவிரலுக்குத் தெரியுது” என்று நூலகர் பொறாமைப்பட்டதுண்டு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மகளைக் கல்லூரியில் சேர்க்க நீங்கள் விடுப்பில் போயிருந்தீர்கள். மறுநாள் வகுப்புக்கான ஸ்லைடுகளைப் பேராசிரியரே எந்திரத்தின் வட்டத்தட்டில் அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். “நாளைக்கு நம்ம அடுத்தது அண்ணன் முகத்தைப் பாக்கணும்” என்றார். “ஏன், என்ன?” என்று நூலகர் கேட்டதற்கு, “வந்து பாரு” என்று கையைக் கழுவப் போனார். படுத்தவர் எழவில்லை.

எதை நினைத்துச் சிரித்தார்? ஆறு ஆண்டுகளாக நூலகருக்கு அந்த ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. உங்களைக் கேட்கவும் பயம். ஒன்றுமே இல்லாமல் போனால், இருக்கிற சிரிப்பும் போய்விடுமே!

படங்களெல்லாம் கணினிக்கு மாறின. நீங்களே மாற்றிக் கொடுத்தீர்கள். அந்த ஒரு தட்டை மட்டும் துணி போட்டு மூடி அலமாரியின் மேல் வைத்திருந்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஸ்லைடு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முதல்வர் சொன்ன பிறகுதான் நூலகர் படியேறி வந்தார்.

“அண்ணா, அந்தத் தட்டு?”

“அப்படியே இருக்கு மேடம். ஒண்ணையும் தொடல.”

“போட்டுக் காட்டுறீங்களா?”

மூடியிருந்த துணியையே மடித்துக்கொண்டிருந்தீர்கள். “பல்பு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்” என்றீர்கள். பல்பு காரணம் இல்லை என்பது நூலகருக்குத் தெரிந்தது.

போன புதன்கிழமை பிற்பகல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டீர்கள். நூலகர் அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் யாரும் இல்லை. பேச்சும் இல்லை. ஆனால் மரத் தேவாலயம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றது; பேராசிரியர் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒரு விநாடி கூடுதலாக நின்றது. நாற்பது ஜன்னல்களின் ஒளி வளையத்தில் மிதக்கும் பெரிய குவிமாடம் வந்தது. அவர் எப்போதும் குரலைத் தாழ்த்தும் இடம் அது. கல்தூண்கள் கிளைவிட்டுக் காடாக நிற்கும் கோயில் வந்தது. அவருக்குப் பிடிக்காத மணிக்கூண்டு ஒன்று வந்த வேகத்தில் போயிற்று. ஸ்லைடுகளுக்கு நடுவில் இருந்த அந்த மௌனங்களில் நூலகர் தம் கணவர் பேசுவதை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லும் காதில் விழவில்லை. ஒரு சொல்லும் விடுபடவும் இல்லை.

‘கிளக்’. குன்றின் மேல் சிற்றாலயம். கோபுரம் வலப்பக்கம்.

பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. “மன்னிச்சிருங்க மேடம். சார் போன அன்னிக்குக் காலையிலயே பாத்தேன். சிவப்புப் புள்ளி மூலை மாறி இருந்துச்சு. சார் கடைசியா அடுக்கினதுல தப்பு பண்ணிட்டாரேன்னு... திருத்தவும் மனசு வரல, உங்ககிட்ட காட்டவும் மனசு வரல.”

நூலகர் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் வழிந்தது. “தப்பா? அண்ணா, அவர் உங்களை வம்புக்கு இழுத்திருக்கார். நீங்க பொத்தானை அழுத்திட்டுப் பதறுற முகத்தைப் பாக்கணும்னு ராத்திரி சாப்பிடும்போதே சிரிச்சாரு மனுஷன்!”

பிறகு நீங்கள், “அடப்பாவி சார்...” என்றீர்கள். பல்பு சுடச்சுட, கண்ணாடிக்குள் இருக்கும் அந்தக் கோயில் வெகுநேரம் சுவரில் நின்றது. அடுத்ததற்கு நீங்களும் போகவில்லை, நூலகரும் கேட்கவில்லை.

ஒருவர் தவறு செய்திருப்பாரோ என்று ஆறு ஆண்டுகள் அவர் மானத்தைத் துணி போட்டுக் காத்தவரே! ஒரு மனிதரின் பேச்சை, அவர் போன பின்னும், விரல் நுனியில் உயிரோடு வைத்திருந்தவரே! இதற்கு மேல் உங்களைப் பாராட்ட எங்களிடம் சொல் இல்லை.

இனி உங்கள் காலைகள் திரைச்சீலை இல்லாத காலைகளாக இருக்கட்டும். கண்ணொளி குறையாமல், முழங்கால் நோகாமல், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் இல்லத்தரசியோடு, படத்தில் காட்டிய தேவாலயங்களில் ஒன்றையாவது நேரில் பாருங்கள். கோபுரம் எந்தப் பக்கம் என்று எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். கீழே இடது மூலையில், உங்கள் மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த நகப்பூச்சால் நூலகர் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். பார்த்து மாட்டுங்கள் அண்ணா.

என்றும் உங்கள் வெளிச்சத்தில்,
கல்லூரியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்