ஒலக்கூர் கூட்டுரோட்டில் நாங்கள் கட்டிய அஞ்சலி பேனர்

பெயர்: குமரேசன். தந்தை பெயர்: அரங்கநாதன். வயது: 32. தொழில்: சொந்தமாக மினி வேன் ஓட்டுதல். முகவரி: மாரியம்மன் கோயில் தெரு, நெல்லிமேடு கிராமம், ஒலக்கூர் ஒன்றியம், திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் மனைவி கவிதாவுடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஊர் விவசாயி கண்ணையன் அவர்கள், தன் மனைவி தையல்நாயகி காணாமல் போனதற்கு நானும் என் நண்பர்களும்தான் காரணம் என்று இன்று மதியம் புகார் கொடுத்ததன் பேரில் காவல் நிலையம் வந்துள்ளேன். என்னைப் போலீஸார் யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

கண்ணையனின் ஒரே மகன் கோகுலகிருஷ்ணன் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். இப்போது கனடாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. அவனும் அவன் மனைவி வெண்ணிலாவும் விடுமுறைக்கு, கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா என்ற தீவுக்குப் போயிருந்தார்கள். தையல்நாயகி அம்மாவுக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியாது, எடுத்தாலும் காதில் வைத்துக்கொண்டு பேசுவார். அதனால் தினமும் சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய் போனைப் பிடித்துக்கொள்வது என் வேலை. இதனால் அவன் அந்தத் தீவில் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்தேன்.

முதல் நாள் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கும் இரட்டை மலையைக் காட்டினான். அதற்குப் பித்தோன் என்று பெயர் சொன்னான். அதன் பிறகு, எரிமலைக்குப் பக்கத்தில் வெந்நீர் கொதிக்கும் இடத்துக்குப் போய், இருவரும் உடம்பெல்லாம் கருஞ்சேற்றைப் பூசிக்கொண்டு நின்றார்கள். அம்மா பார்த்துவிட்டு, “இன்னாடா இது, சேத்தப் பூசிக்கினு நிக்கிற? நம்ம கழனியில இல்லாத சேறா? இதுக்கா பிளேன் ஏறிப் போன?” என்று கேட்க, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும் விளையாட்டைக் காட்டினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, முடிந்ததும் சொல்லச் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் படகில் போய், கடலில் இறங்கி மீன் பார்க்கப் போவதாகச் சொன்னான். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. கோகுலுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் ஏரியில் மாட்டைக் கழுவுவதோடு சரி. அவன் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மார்பில் தட்டிக் காட்டி, “இத போட்டுக்கினா தூக்கி வுட்டாலும் முழுவ மாட்டம்மா” என்றான். அம்மா விடவில்லை. “கரைக்கு வர்ற வரைக்கும் கழட்டக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு” என்று சொல்லி, அவன் சத்தியம் செய்த பிறகுதான் போனை வைக்க விட்டார். அன்று அந்த ஜாக்கெட்டோடு, படகில் கட்டை விரலை உயர்த்திக் காட்டியபடி வெண்ணிலாவோடு நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினான்.

நேற்று பேசும்போது, ராத்திரி மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் தங்கப் போவதாகவும், அங்கே சிக்னல் இருக்காது என்றும், இருட்டோடு மலை ஏறி உச்சியில் சூரியன் உதிப்பதைப் பார்க்கப் போவதாகவும் சொன்னான். இதைக் கேட்டது நான். மறந்ததும் நான்.

இன்று சனிக்கிழமை காலை எங்கள் வாட்ஸப் குழுவில், ‘கரீபியன் தீவில் படகு கவிழ்ந்தது, சுற்றுலா சென்ற தமிழ் இளம் தம்பதி மாயம்’ என்று ஒரு செய்தி வந்தது. எந்தத் தீவு என்று அதில் இல்லை. பெயரும் இல்லை. கரீபியன் என்றால் ஒரே தீவு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எத்தனையோ தீவுகள் இருப்பதும், ஒன்றுக்கொன்று பிளேனில் போகும் தூரம் என்பதும் இன்று உதவி ஆய்வாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே கோகுலுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. வெண்ணிலாவுக்கும் அப்படியே. நண்பர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு செய்ததுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் கூட்டுரோட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவது வழக்கம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கம்பி வேலிதான் எல்லோர் கண்ணிலும் படும் இடம். யார் முதலில் கட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த இடம். எங்கள் ஊரில் பெரியதம்பி என்பவர் தலைமையில் இன்னொரு கோஷ்டி உண்டு. கோகுல் கல்யாணத்துக்கு அவர்கள் முந்திக்கொண்டு கட்டிவிட்டார்கள், கூடப் படித்த நாங்கள் புளியமரத்துக்குப் பின்னால் கட்டினோம். சாவுக்கும் அவர்களே முந்திவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது என்று என் புத்தியில் ஏறிவிட்டது. உதவி ஆய்வாளர், “செத்துட்டானான்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?” என்று கேட்டார். ஆமாம் ஐயா, அதற்கு முன்னாடியேதான்.

திண்டிவனத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் மரிய அருணிடம் போனேன். அவர், “அண்ணா, கன்பார்ம் நியூஸா? வூட்ல சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். நான் அவரைக் கோபித்துக்கொண்டு, “நீ ஜல்தி டிசைன் பண்ணுபா, கேள்வி கேட்டுக்கினு இருக்காத” என்று சொன்னேன். ஆகவே அவர் மீது குற்றம் இல்லை. நான் அனுப்பிய படங்களில் சேறு பூசிய படமும், கம்பியில் தொங்கியபோது ஹெல்மெட் போட்டு எடுத்த படமும் ஆகாது என்று தள்ளிவிட்டு, படகில் எடுத்த படத்தை எடுத்தார். அஞ்சலிப் படத்தில் ஆளுக்கு வெள்ளைச் சட்டை போடுவது வழக்கம் என்பதால், கோகுலின் உடம்பில் இருந்ததை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையும், வெண்ணிலாவுக்குப் பட்டுப் புடவையும் கம்ப்யூட்டரில் மாற்றினார். பின்னால் கடல் நன்றாக இருக்கிறது என்று நான்தான் அதை அப்படியே விடச் சொன்னேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே எங்கள் படங்களையும் பெயரையும் போட்டார். என் படம் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கும். அவனுக்கு எழுதிய வரிகளை விட எங்கள் பெயர்கள் பெரிதாக இருந்தன.

பேனரைக் கட்டி முடித்த பிறகு, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் கண்ணையன் அவர்களிடம் பக்குவமாகச் சொல்வது என்று முடிவு செய்திருந்தோம். அம்மா வீட்டில்தான் இருப்பார் என்று நினைத்தோம். ஆனால் அவர் மகனுக்குக் கொடுத்தனுப்ப மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், ஆட்டிக்கொண்டு வருவதற்காகக் காலையிலேயே திண்டிவனம் போயிருந்தார். நாங்கள் பெரியவர்களைத் தேடி ஊருக்குள் போன நேரத்தில், அவர் வந்த பஸ் கூட்டுரோட்டில் நின்றிருக்கிறது.

நாங்கள் போய்ச் சொன்னதும் கண்ணையன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, “அவ வர்ற நேரம். நான் போய்க் கூட்டாறேன்” என்று மட்டும் சொன்னார். என் வேனில் அவரைக் கூட்டிக்கொண்டு கூட்டுரோட்டுக்குப் போனோம். பேனருக்குக் கீழே எண்ணெய் கேன் இருந்தது. அம்மா இல்லை. கேனைத் தொட்டுப் பார்த்த கண்ணையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு கிணறு கிணறாகப் பார்த்தோம். ஏரிக்கரை, ரயில் தண்டவாளம், கோயில், திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை எல்லா இடத்திலும் பார்த்தோம். அதன் பிறகுதான் அவர் புகார் கொடுக்க வந்தார்.

நான் இந்த நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கோகுல் வீடியோ காலில் வந்தான். அவனுக்குப் பின்னால் மலை உச்சி, அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. “மச்சான், பாருடா, என்னா வியூ பாரு! அம்மாகிட்ட குட்றா” என்றான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சந்தோஷப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது. அவன் திரும்பவும், “அம்மா எங்கடா?” என்று கேட்டான். கண்ணையன் போனைப் பிடுங்கி மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அதே கையால் என்னை அறைந்தார். அதற்காக அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

கடைசியாக அம்மாவைப் பார்த்தவர் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் விருத்தாசலம். நாங்கள் தேடிப் போனபோது அவர் கடை மூடியிருந்தது, இப்போது போலீஸார் விசாரித்ததில்தான் இது தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மா நேராகப் பேனரிடம் போனதாகவும், அழவில்லை என்றும், கோகுலின் மார்பு இருந்த இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்ததாகவும், ஏதோ தேடுவது போல இருந்ததென்றும், அதன் பிறகு ரோட்டைக் கடந்து, திரும்பவும் திண்டிவனம் போகும் பஸ்ஸிலேயே ஏறிப் போனதாகவும் அவர் சொன்னார்.

ஐயா, இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவர் தேடியது அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைத்தான். நாங்கள் அதை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டோம். பின்னால் கடல் இருக்கிறது, மகன் மேல் ஜாக்கெட் இல்லை. ஜாக்கெட்டைப் பற்றிப் பேசிய அன்று கோகுல் இன்னொன்றும் சொன்னான், அதை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மா பயந்தபோது, “நம்ம மரக்காணத்துல காலு நனைக்கிறியே, அதே கடல்தாம்மா. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேந்துதான் கெடக்குது” என்றான். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ் இருக்கிறது. ஐயா, எழுதுவதை நிறுத்திவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

(இவ்விடத்தில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை தொடர்ந்து பதிவு செய்யப்பட்டது.)

நேற்று மாலை உதவி ஆய்வாளர், கண்ணையன், நான் மூவரும் ஜீப்பில் மரக்காணம் போனோம். உப்பளத்தைத் தாண்டும்போது கண்ணையன், “அவளுக்கும் நீச்சல் தெரியாது” என்றார். கடற்கரைக் குப்பத்தில் விசாரித்தபோது, புனிதா என்ற மீனவப் பெண், ஒரு அம்மா மதியத்திலிருந்து படகுக்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதாகவும், பெயர் கேட்டால் சொல்லவில்லை என்றும், தண்ணீரில் இறங்கப் போனவரைத் தான்தான் இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதாகவும் சொல்லி, எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். படகு ஓரமாகத் தையல்நாயகி அம்மா உட்கார்ந்திருந்தார். புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. மடியில் ஒரு பழைய லைஃப் ஜாக்கெட் இருந்தது. யாருடையது என்று கேட்டதற்குப் புனிதா, “எங்க வூட்டுக்காரருதுங்க. படகுல கட்டி வச்சிருந்தத அவுத்து எடுத்துக்கினாங்க. புள்ளைக்குக் குடுக்கணும், இட்டுக்கினு போங்கன்னாங்க. புடுங்க மனசு வர்லீங்க” என்றார்.

உடனே கோகுலுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். அவன் மலையிலிருந்து இறங்கிக் கடற்கரையில் நின்றிருந்தான். “அம்மா, நான்தாம்மா. எனக்கு ஒண்ணும் ஆவல. பாரும்மா” என்று கத்தினான். அம்மா நம்பவில்லை. இது முன்னால் எடுத்த வீடியோ என்று தலையை ஆட்டினார். அவன் எவ்வளவோ சொன்னான், வெண்ணிலாவும் சொன்னாள். அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “ஜாக்கெட்டு எங்கடா?” அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை வெண்ணிலாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய், அங்கிருந்த ஒரு படகுக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு ஜாக்கெட்டை வாங்கி, மணலில் நின்றபடியே மாட்டி, எல்லாக் கொக்கியையும் போட்டு, மார்பில் தட்டித் தட்டிக் காட்டினான். அழுதுகொண்டே காட்டினான். அப்போதுதான் அம்மா மடியில் இருந்த ஜாக்கெட்டைப் புனிதாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா இப்போது திண்டிவனம் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். காய்ச்சல் அடிக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணையன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னதாகத் தெரிந்துகொண்டேன். பெற்றாலும் பெறாவிட்டாலும் பேனரை அடிக்கச் சொன்னதும் கட்டியதும் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேனரை நேற்றே அவிழ்த்து இந்த நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இன்று விடிந்ததும் மருத்துவமனைக்குப் போய் அம்மாவின் கட்டிலருகே நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் திட்டவில்லை. குழந்தையைக் கேட்பது போல, “குமரேசா, எம்புள்ள போட்டுக்கினுதான இருந்தான். அத நீ ஏன்டா கழட்டுன?” என்று கேட்டார்.

அம்மா கேட்ட அந்தக் கேள்வியையும் இதில் அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை யாவும் நான் என் வாயால் சொன்னவை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஒரு வார்த்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை என்று சொல்லிக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அ. குமரேசன்