மகன் ஊதினால் துள்ளும் தவில்

இரண்டாவது உலகச் சண்டை தொடங்கிய வருசம். தருமபுரியிலிருந்து மொரப்பூர் போகும் சின்ன ரயிலில் டிக்கெட் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே அண்ணன் தம்பி இருவர். அண்ணன் மடியில் நாயனம், தம்பி காலடியில் தவில்.

"எம் மவன் ஊதறப்ப மட்டும் உன் கை ஏண்டா அப்படித் துள்ளுது?" என்றார் அண்ணன்.

"அவன் என்னைப் பார்த்து ஊதறான். நீங்க இருவது வருசமா சனத்தைப் பார்த்தே ஊதறீங்க."

"பாலக்கோட்டுக் கல்யாணக்காரங்க 'சின்னவரு வருவாருங்களா'ன்னு எங்கிட்டயே கேக்கறாங்க."

"உங்க புள்ளதானுங்களே, சந்தோசப்படுங்க."

"நாளையிலிருந்து அவன் நாயனத்தைத் தொடக்கூடாது. எம் பின்னால நின்னு ஒத்து ஊதட்டும். ஒரே சுரத்தை இழுத்துக்கிட்டுக் கெடந்தா எவன் கேக்கறான்னு பார்க்கறேன்."

தம்பி தவிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரிங்கண்ணா. நான் அந்த ஒத்துக்கே அடிச்சுக்கறேன்."