பிடித்துத் தைக்க முடியாத தோல்

அக்கா: சிரிக்காதடா. டாக்டரம்மாகிட்ட நான் கேட்டதுல என்ன தப்பு?

தம்பி: தப்பே இல்லக்கா. "தையல் வெளிய தெரியாம உள்ள மடிச்சுத் தைக்க முடியாதா"ன்னு ஒரு டாக்டரையே கேட்ட டெய்லர் நீ ஒருத்திதான்.

அக்கா: ஊரார் சட்டையெல்லாம் பிடிச்சுத் தைக்கிறவ நான். கேக்க மாட்டேனா?

தம்பி: மெதுவா... பின்சீட்டுல மாமா தூங்குறாரு.

அக்கா: தூங்கட்டும். செக்கப்புக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தாலே மனுஷன் சாஞ்சிடுவாரு. நீ பேச்சை மாத்தாத. ஆப்பரேஷன் பண்ணிக்கிறியா, இல்லையா?

தம்பி: அவங்க சொன்னதைக் கேட்டல்ல?

அக்கா: பாதிதான் ஏறிச்சு. உன் வயித்தைக் கிள்ளிக் கிள்ளி விட்டாங்களே, அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

தம்பி: அதுதான் பரீட்சையே. கிள்ளி விட்டா தோல் டக்குனு பழைய இடத்துக்குப் போகணும். என்னோடது...

அக்கா: யோசிச்சு யோசிச்சுப் போச்சு.

தம்பி: ஆமா. எலாஸ்டிக் செத்துப்போச்சு. மிச்சமிருக்கிற கொழுப்பை உறிஞ்சி எடுக்கலாமாம். ஆனா தோல் கூடவே சுருங்காது. இப்பவாவது பழைய தலையணை மாதிரி இருக்கு. அப்புறம் உறை மட்டும்தான் தொங்கும்.

அக்கா: அப்போ உறையையும் வெட்டச் சொல்லு.

தம்பி: வெட்டலாம். இந்த இடுப்புலருந்து அந்த இடுப்பு வரைக்கும் தழும்பு நிக்கும்.

அக்கா: நின்னா நிக்கட்டும், சட்டைக்குள்ளதானே? பேக்கரியில உன்னைக் 'கோணி'ன்னு கூப்பிடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

தம்பி: முன்னாடி 'மூட்டை'ன்னாங்க. சரக்கு எறங்கிடுச்சுல்ல, அதான் இப்போ கோணி. நானே சிரிச்சேன்.

அக்கா: எனக்குச் சிரிப்பு வரல... டாக்டரம்மா இன்னொண்ணும் கேட்டாங்க. "ஏன் இவ்வளவு அவசரமா இளைச்சீங்க? மெதுவாக் குறைச்சிருந்தா தோல் கொஞ்சமாவது பின்னாடியே வந்திருக்கும்"னு.

தம்பி: பதில் சொன்னேனே.

அக்கா: கல்யாணத்துக்குன்னு சொன்ன.

தம்பி: ம்.

அக்கா: யார் கல்யாணத்துக்கு?

தம்பி: ...பொதுவா.

அக்கா: பொதுவாவா? எவன்டா பொதுவா கல்யாணத்துக்கு இளைப்பான்? போன வருஷம் உனக்குப் பொண்ணும் பார்க்கல, ஒண்ணும் பார்க்கல. மாமா ஆஸ்பத்திரியில மஞ்சளாக் கெடந்தாரு. ஈரல் கெடைக்குமா கெடைக்காதான்னு நான் வாசலையே பார்த்துக்கிட்டு...

தம்பி: இரு, சிக்னல் விழுந்திடுச்சு.

அக்கா: நல்லதாப் போச்சு. நின்னுக்கிட்டே பேசலாம். அப்போ உன் சட்டைங்களை எத்தனை தடவை பிடிச்சுக் குடுத்தேன்? நூலை அறுக்கறதுக்குள்ள அடுத்த தடவை வந்து நிப்ப. மாமா கவலையில சோறு எறங்கலன்னு நினைச்சேன்.

தம்பி: அப்படியே வெச்சுக்கோயேன்.

அக்கா: கேக் உப்புக் கரிச்சுதே, அதையும் அப்படியே வெச்சுக்கவா?

தம்பி: ...எந்த கேக்?

அக்கா: நீ போட்டதுதான். சர்க்கரைன்னு நினைச்சு உப்பைக் கொட்டின. வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டு வந்தாங்க, முதலாளி குதிச்சாரு. மாவை நக்கிப் பார்க்காம நீ என்னைக்குடா ட்ரேயை உள்ள தள்ளியிருக்க? கவலைப்படுறவன் சோறு திங்காம இருப்பான். ருசி பார்க்கிற விரலைக்கூடவா நிறுத்துவான்?

தம்பி: பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்கக்கா.

அக்கா: பச்சை விழுந்திடுச்சு, போ. ஓட்டிக்கிட்டே சொல்லு.

தம்பி: மாமா முழிச்சிருக்காரா பாரு.

அக்கா: வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்காரு.

தம்பி: மாமாவுக்கு என் ஈரல்ல ஒரு துண்டு குடுக்கலாம்னு போய்க் கேட்டேன். ரத்தம் பொருந்திடுச்சுக்கா. ஆனா ஸ்கேன்ல பார்த்தா என் ஈரல் பூராக் கொழுப்பு. "இதுல வெட்டிக் குடுத்தா உனக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. இளைச்சுட்டு வா"ன்னாங்க. அவரால ரொம்ப நாள் தாங்க முடியாதுன்னும் சொன்னாங்க. அதான் அவசரம்.

அக்கா: என்கிட்ட ஏன்டா சொல்லல?

தம்பி: இளைக்க முடியாமப் போயிருந்தா? உனக்கு ஒரு ஆசையைக் காட்டிட்டு... ஆனா முடிச்சிட்டேன்க்கா. அவங்க கேட்ட எடைக்கு வந்துட்டேன். ஈரல் சுத்தமாயிடுச்சு, குடுக்கலாம்னு சொன்னாங்க. அதே வாரம்தான் யாரோ இறந்துபோனவங்க வீட்டுல மாமாவுக்குக் குடுத்துட்டாங்க.

அக்கா: கடைசியில உன்னோடது தேவைப்படவே இல்ல.

தம்பி: தேவைப்படல. ஆனா தயாரா நின்னேன்ல? பள்ளிக்கூடத்துலருந்து எதுலயாவது நான் ஒரே மூச்சுல பாஸாகியிருக்கேனா? இதுல ஆனேன். அந்தம்மா கிள்ளினப்போ எனக்கு வெட்கமே வரல. கொஞ்சம் கெத்தாத்தான் இருந்துச்சு. இதைப் போய் வெட்டிப் போடச் சொல்றியே...

அக்கா: சொல்லலடா. இனிமே சொல்ல மாட்டேன். கோணின்னு எவனாவது கூப்பிடட்டும், கத்தரிக்கோலோட வரேன்.

தம்பி: மூக்கை உறிஞ்சாத, மாமா எழுந்துடுவாரு. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு.

அக்கா: ஏன்? தெரிஞ்சா தலையில தூக்கி வெச்சு ஆடுவாரு.

தம்பி: அதான் வேண்டாங்கிறேன். என்னைப் பார்த்தாலே மரியாதையா எழுந்து நிக்க ஆரம்பிச்சுடுவாரு. அவரு திட்டாம ஒரு வாரம் போனா எனக்குத் தாங்காதுக்கா. உரிமையாத் திட்ட எனக்கு வேற யாரு இருக்கா?

மாமா: ரோட்டைப் பார்த்து ஓட்டுடா தடியா! தூங்குறவன் தலைமாட்டுலயா ரகசியம் பேசுவாங்க? அந்த ஆஸ்பத்திரியில எடை மெஷினை என் ரூம் வாசலுக்கு நேரா வெச்சிருந்தாங்க. வாராவாரம் நான் தூங்குறேன்னு நினைச்சுச் செருப்பைக் கழட்டி, பெல்ட்டைக் கழட்டி, மூச்சை வேற பிடிச்சுக்கிட்டு ஏறி நிப்ப. எதுக்குன்னு புரியாத அளவுக்கு நான் மடையனா? நம்பர் எனக்குத் தெரியாது, உன் மூஞ்சி தெரியும். அதைப் பார்த்துத்தான்டா அடுத்த வாரம் வரைக்கும் உசுரைப் பிடிச்சு வெச்சிருந்தேன்... டேய், இண்டிகேட்டரைப் போடு, திரும்பப் போறியா இல்லையா!