பவுனம்மாள் இறந்த ஆண்டு: ஒரு பிழைதிருத்தம்

வரலாறு மனித குலத்தின் மனசாட்சி. அதை எழுதுகிறவன் சொந்த விருப்பு வெறுப்புகளைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் எழுதிவருகிறேன். எழுதியது நீச்சலுடை பொம்மையின் வரலாறு. எழுதிய இடம், ரங்கூன் தாமுவே சந்தையில் வாளியும் சோப்புப் பெட்டியும் விற்கிற என் கடை.

மதிப்புக்குரிய நாஜியா அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூரில் உங்கள் கடற்கரைப் பொம்மை சேகரிப்போர் சங்கம் தன் விவரநூலை இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவருவதும், அதைத் திருத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதும் மகிழ்ச்சி. முதல் பதிப்பின் 31ஆம் பக்கத்தில், ‘ரங்கூன் பெட்டினாவின் உடையை வடிவமைத்த டோ பவுன் 1991இல் காலமானார்’ என்று, பர்மிய மரியாதைக்கு ‘டோ’ சேர்த்து, நான் எழுதியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் அதே அம்மாள் அதே பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பின்சுவரில் 2006ஆம் ஆண்டுக் காலண்டர் தொங்குகிறது. இறந்த ஆண்டைச் சரிபார்த்து, விளக்கம் இருந்தால் சேர்த்து அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. விளக்கம் இருக்கிறது.

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். 1988 கலவரத்துக்கு அடுத்த வருஷம் போட்டாதாங் படித்துறைப் பக்கம் பழைய கிடங்குகளைக் காலி செய்தார்கள். உரிமையாளர் தெரியாத சரக்கு ஏலத்துக்கு வந்தது. என் தாய்மாமா சாதிக் பாட்சா, வெளியே ‘பிளாஸ்டிக் பொருட்கள்’ என்று எழுதியிருந்த ஆறு மரப்பெட்டிகளை எடுத்தார். வாளி என்று நினைத்தார். திறந்தால், இருநூற்று எண்பத்தெட்டுப் பெண்கள் நீச்சலுடையில் படுத்திருந்தார்கள்.

மாமா முதலில் கதவைச் சாத்தினார்.

“என்னடா இது?”

“பொம்மை மாமா.”

“அது தெரியுது. துணி எங்கே?”

“போட்டுத்தான் இருக்கு மாமா.”

“எங்கே போட்டிருக்கு, காட்டு.”

காட்டினேன். திரும்பிக்கொண்டார். மாமா அப்போது பள்ளிவாசல் கமிட்டியில் இருந்தார்.

அதுதான் பீச் பெட்டினா. 1971இல் அமெரிக்காவில் செய்தது. தங்க நிறத் தலைமுடி, நீலக் கண்ணாடி, மஞ்சள் துண்டு. உடம்பெல்லாம் வெயிலில் காய்ந்த நிறம். அந்த நிறத்துக்காகவே அங்கே பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கினார்களாம். எங்கள் ஊரிலோ வெயில் படாமலிருக்கப் பெண்கள் காலையில் எழுந்ததும் முகத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசுகிறார்கள். கருக்கிய பொம்மையை யார் வாங்குவார்கள்?

அடுத்த சந்தில் பவுனம்மாள் தையல் மிஷின் போட்டிருந்தார். துறைமுகக் கூலிக் குடும்பம். புருஷன் போய்ச் சேர்ந்து, சாந்தகுமாரி என்ற மகளோடு இருந்தார். மாமா கூப்பிட்டுவிட்டார். வந்தவர் ஒரு பொம்மையைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“பாவம், தனக்கா பூசாம வெயில்ல போட்டு வச்சிருக்கானுங்க,” என்றார். “சுரம் அடிச்ச பிள்ளையாட்டம் இருக்கு. தமெய்ன் கட்டிவிட்டா சரியாயிடும் பாய்.”

தமெய்ன் என்றால் பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் நீள லுங்கி. பவுனக்கா வெட்டுத்துணிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் கறுப்புப் பட்டி வைத்து, இருநூற்று எண்பத்தெட்டு தமெய்ன் தைத்தார். மேலே முழுக்கை ரவிக்கை. நீச்சலுடைகளையும் துண்டுகளையும் நீலக் கண்ணாடிகளையும் மாமா கிடங்குக்குப் பின்னால் கொளுத்தச் சொன்னார். இந்த நிகழ்ச்சியை விவரநூலில் ‘மரபும் நவீனமும் மோதிய தருணம்’ என்று குறிப்பிட்டிருக்கிறேன். நேரில் பார்த்தவனுக்கு நினைவிருப்பது, கண்ணாடிகள் உருகி ஓடி மாமாவின் செருப்பில் ஒட்டிக்கொண்டதுதான்.

தண்ணீர்த் திருவிழாவுக்குள் பெரும்பாலான பொம்மைகள் விற்றுவிட்டன. பதினொன்று மிஞ்சின. ஏழு வருஷம் அவை வாளிகளுக்குப் பின்னால் தூசியில் கிடந்தன. 1996இல் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்தான் உங்கள் சங்கத் தலைவர் டாக்டர் ரமேஷ்குமார். பல் மருத்துவர். என் கடையில் குடை வாங்க நின்றவர் பொம்மையைப் பார்த்ததும் குடையை மறந்தார். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளங்கால் முத்திரையைப் படித்து, பல் பிடுங்கும்போது நோயாளிகள் வைத்துக்கொள்வதைப் போல வாயைத் திறந்தபடியே நின்றார்.

உலகத்தில் நீச்சலுடை பெட்டினாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களாம். தமெய்ன் கட்டிய பெட்டினாவை யாரும் பார்த்ததில்லையாம். கதையைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

“அந்தம்மா இருக்காங்களா?”

“ஏன் கேக்குறீங்க டாக்டர்?”

“இருந்தா இன்னும் நூறு தைச்சுடுவாங்களே. அப்புறம் இதுல என்ன அபூர்வம்?”

பொம்மையை மெதுவாக அலமாரியில் வைத்தேன். “தவறிட்டாங்க,” என்றேன்.

“நல்லதாப் போச்சு,” என்றார். பிறகு, “வருத்தம்தான்,” என்று திருத்திக்கொண்டார். “எப்ப?”

“தொண்ணூத்தி ஒண்ணுல.”

இவ்வளவுதான் நடந்தது. இதில் எனக்கு ஆதாயம் என்று எதுவும் இல்லை. பத்துப் பொம்மைகள் நல்ல இடத்துக்குப் போயின, ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். சங்கம் என்னை ‘பர்மா வரலாற்று ஆலோசகர்’ ஆக்கியது. அதற்கு விசிட்டிங் கார்டு அடித்தேன். சந்தையில் ‘வாளிக்கடை ஊ பீர்’ என்று கூப்பிட்டவர்கள் கார்டைப் பார்த்த பிறகும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அதனால் புகழுக்காகச் செய்தேன் என்றும் யாரும் சொல்ல முடியாது.

1998இல் விவரநூலுக்காகப் பதினான்கு பக்க வரலாறு எழுதினேன். ஒரு வடிவமைப்பாளர் என்றால் அவருக்கென்று கொஞ்சம் வாழ்க்கை வேண்டும். பவுனக்கா ரங்கூன் ஓரத்து இன்சீனைத் தாண்டிப் போனதில்லை. லண்டனில் தையற்கலை பயின்றதாக எழுதினேன். நெஞ்சு நோயில், கையில் ஊசியோடு இறந்ததாக எழுதினேன். அந்த வரியைப் படித்துச் சங்கத்தில் சிலர் அழுததாக டாக்டர் தெரிவித்தார். ஆண்டுக் கூட்டத்தில் அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றீர்கள். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் பவுனக்கா என் கடை வாசலில் நின்று, “பாய், பெரிய வாளிக்கு மூடி தனியாக் கிடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல மனுஷி. ஆனால் வாய் சும்மா இருக்காது. யார் வந்தாலும், “அந்த வெள்ளைக்காரிப் பொம்மைக்கெல்லாம் நான்தான் துணி தைச்சேன்,” என்பார். 2001இல் மாமா மவுத்தான பிறகு, நடந்ததை அறிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அதில் ஒருவர் வரலாற்றின்படி உயிரோடு இல்லை. அவரை வைத்துக்கொண்டு நான் பட்ட சிரமம் யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால், இரண்டு நாள் முன்பே அவருக்குத் தையல் வேலை கொடுத்து வீட்டோடு உட்காரவைப்பேன். ஒருமுறை அவரே கேட்டார்: “ஏன் பாய், வெளியூர்க்காரங்க வர்றப்ப மட்டும் எனக்கு வேலை குவியுது?” ராசி என்று சொன்னேன். நம்பினார். போகும்போது எனக்காகவும் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்.

2008 ஏப்ரலில் டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. மே மூன்றாம் தேதி, சனிக்கிழமை, ஆறு பேராக வருகிறார்கள். டோ பவுன் வாழ்ந்த வீட்டில் பித்தளைப் பலகை பதிக்க வேண்டும். மகளைச் சந்தித்து மரியாதை செய்ய வேண்டும்.

சாந்தகுமாரியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தையல் ஆலையில் வேலை, தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான் வரும். மொழிபெயர்க்கப்போவது நான். ஆனால் பலகை பதிக்கிற வீட்டு வாசலில் அந்த வீட்டுக்காரியே உட்கார்ந்திருந்தால் அதை எந்த மொழியில் பெயர்ப்பது?

அக்கா அடிக்கடி ஒன்று சொல்வார்: “கடல்ல குளிக்கிற பொம்மைக்குத் துணி தைச்சேன், கடலைத்தான் பாத்ததில்ல.” ஐராவதி முகத்துவாரத்தில், பியாப்பொன்னுக்குத் தெற்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில் கருவாடும் காய்ந்த இறாலும் வாங்கி அனுப்புகிற கபீர் என்பவர் எனக்குப் பழக்கம். பெரிய குடும்பம், அன்பான ஆட்கள். அங்கே இரண்டு வாரம் தங்கி வரும்படி ஏற்பாடு செய்தேன்.

“மழை வர்ற மாசம். இப்ப எதுக்கு?” என்று சாந்தகுமாரி பர்மியத்தில் கேட்டாள்.

“வயசான காலத்துல கடலைப் பாக்கட்டும்,” என்றேன்.

அக்கா அவளை அடக்கினார். “கூடப் பிறந்தவன்கூடச் செய்ய மாட்டான். நீ சும்மா இரு.”

ஏப்ரல் 28, திங்கட்கிழமை. படித்துறையில் நானே பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றிவிட்டேன். நான் போன் செய்யும்வரை திரும்ப வேண்டாம் என்றேன். “நீங்க சொல்றப்ப வர்றேன் பாய்,” என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பொறுப்பை அவராகவேதான் என் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை தேநீர்க் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் புயல், ஐராவதி முகத்துவாரத்தை நோக்கி வருகிறது என்றார்கள். ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்தார்கள். நான் கடைக்குத் திரும்பிப் போனைக் கையில் எடுத்தேன். அந்தச் சிற்றூரில் இருந்த ஒரே போன் கபீர் வீட்டில்தான். எண் எனக்கு மனப்பாடம்.

நிதானமாக யோசித்தேன். கூப்பிட்டால் உடனே கிளம்புவார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை பித்தளைப் பலகை. வேறு ஊருக்குப் போகச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது எனக்கும் தோன்றியது. ஆனால் புயல் என்று தெரிந்தால் மகளைத் தேடி ரங்கூனுக்குத்தான் ஓடிவருவார், அவரை எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன். ஒரு வாளியைத் துடைத்து அலமாரியில் அடுக்கியது நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஆலைக்குப் போகிற வழியில் சாந்தகுமாரி வந்தாள். காற்று அப்போதே மாறியிருந்தது.

“பாய், அம்மாவுக்குப் போன் போட்டீங்களா?”

“போட்டேன். மேட்டுல இருக்கிற மடத்துக்குப் போயிட்டாங்களாம். பயப்படாதே.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“கடல் பெருசா இருக்குன்னாங்க.”

அவள் சிரித்தாள். ஆலைக்குப் போனாள்.

மே மூன்றாம் தேதி ரங்கூனில் மரமென்று நின்றதெல்லாம் படுத்துவிட்டது. என் கடையின் தகரக் கூரையைப் பிறகு க்யிம்யிண்டைங் போகும் சாலையில் பார்த்ததாகச் சொன்னார்கள். விமானங்கள் வரவில்லை. டாக்டரும் மற்ற ஐவரும் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பவே இல்லை. பித்தளைப் பலகை இன்றும் உங்கள் சங்க அலுவலகத்தில்தான் இருக்கிறது.

பவுனக்கா இருந்த ஊர் இப்போது இல்லை. உடல் கிடைக்கவில்லை. கபீர் வீட்டில் ஆறு பேர். அவர்களுக்கும் பொம்மைக்கும் தொடர்பு இல்லாததால் விவரநூலில் சேர்க்கத் தேவையில்லை.

நான் உணர்ச்சிவசப்பட்டு எதையும் செய்யவில்லை என்பது உங்களுக்குப் புரியும். புத்தகத்தில் இருந்த ஆண்டுக்கும் ஆளுக்கும் பதினேழு வருஷ வித்தியாசம் இருந்தது. இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். புத்தகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

ஆகவே, பக்கம் 31, ஒன்பதாம் வரியில் ‘1991’ என்பதை ‘2008’ என்று திருத்திக்கொள்ளவும். ‘கையில் ஊசியோடு’ என்பதை எடுத்துவிடலாம். ‘லண்டனில் பயின்றவர்’ என்பது இருக்கட்டும், அதை மறுக்க ஆள் இல்லை. புகைப்படத்தை உங்களுக்கு அனுப்பியது சாந்தகுமாரியாகத்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வரலாற்று நோக்கு இல்லாதவர்கள் சிலவற்றைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு சின்ன விஷயம் கேட்டிருந்தீர்கள். சென்ற மாதக் கண்காட்சியில், நான் அனுப்பிய பெட்டினாவைக் கண்ணாடிப் பேழையில் நடுநாயகமாக வைத்திருந்தீர்கள். கூடத்தைப் பெருக்க வந்த பர்மியப் பெண் அதன் முன்னால் நின்று, துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வர வெகுநேரம் சிரித்ததாகவும், காரணம் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் இது. புயலில் கூரை போனபோது பொம்மை நனைந்துவிட்டது. துணியைக் கழற்றி உலர்த்தி மறுபடி கட்டிவிட, அடுத்த சந்தில் பவுனக்கா இல்லை. நானே கட்டினேன். பெண்கள் தமெய்னை மடித்து ஓரமாக இடுப்பில் செருகிக்கொள்வார்கள். முன்னால், தொப்புளுக்கு நேராக, பந்துபோல முடிச்சுப் போடுகிறவர்கள் ஆண்கள். நான் போட்டது ஆண்கள் முடிச்சு.

இப்படிக்கு,
பீர் முகைதீன்,
பர்மா வரலாற்று ஆலோசகர்