விசிறிக்கொண்டு நின்ற ஞாயிறு

—பேசாத, ஹோசியா. நீ பேசப் பேச பிரஷர் ஏறும். அப்புறம் நான் பார்க்கிறது உன் பிரஷரா, உன் வாயான்னு எனக்கே தெரியாது.

—அப்ப வாய்க்கும் ஒரு மாத்திரை குடுத்துடு, வில்லா மே. நாப்பது வருஷமா இந்தச் சபைக்கு டீக்கன் நான். என்னை வாயை மூடுன்னு சொல்ற ஒரே ஆள் நீதான்.

—உன் பொண்டாட்டி கோரின் இருந்தவரைக்கும் அவ சொன்னா. இப்ப அந்த வேலையும் என் தலையில. கையை மேசை மேல வை. சட்டையை இன்னும் மேல ஏத்து.

—என்ன காட்டுது?

—நேத்து பன்னிக்கால் போட்டு வேகவச்ச கீரையை நீ மூக்குப் பிடிக்கத் தின்னேன்னு காட்டுது.

—அட கர்த்தரே, அவ்வளவு தெளிவாவா?

—சிரிக்காத. ஆராதனை முடிஞ்சதும் கூட்டம் இருக்குல்ல. இந்தப் பிரஷர் பார்க்கிற மேசையை எடுத்துட்டு இங்க காபி மெஷின் வைக்கணும்னு வாலிபர் சங்கம் கேட்டிருக்காமே. நீ எந்தப் பக்கம் கை தூக்கப் போற?

—கூட்டத்துல பார்த்துக்கலாம்.

—மழுப்புற. சரி, மேசை போனாப் போகட்டும். என் விசனம் அது இல்ல. இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தேன். நாளைக்கு நான் இல்லாதப்ப இங்க ஒருத்தர் விழுந்தா என்ன செய்யணும்னு ஒரு ஆளுக்காவது தெரியுமா? எல்லாரும் தலையை ஆட்டிட்டு மீன் பொரியலுக்கு ஓடினவங்கதானே. அதுதான் என்னை அரிக்குது.

—நீ முதமுதல்ல மேசை போட்ட ஞாயிறு ஞாபகம் இருக்கா? ஆராதனை முடிஞ்சப்புறம் போட்டியே.

—அதை ஏன் கிளறுற? பாஸ்டர் டில்மன் அன்னைக்குன்னு பார்த்து எசேக்கியேலோட எலும்புப் பள்ளத்தாக்கைப் பிரசங்கத்துக்கு எடுத்தாரு. சபையே எழுந்து ஆடுச்சு. ஆடின மூச்சு அடங்கல, வந்து வரிசையில நின்னா? ஒருத்தர் விடாம எல்லாருக்கும் பிரஷர் எகிறிக் கிடக்கு.

—பாதிச் சபையை பஸ்ல ஏத்திட்ட.

—நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மூடின புதுசு. பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு மணி நேர ஓட்டம். போற வழியெல்லாம் பாட்டு. இறங்கிப் பார்த்தா அத்தனை பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க. அந்த டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன்.

—எனக்கு அது நல்ல நாள். கோரின் என் பக்கத்து சீட்ல உக்காந்து உச்ச ஸ்தாயில பாடிக்கிட்டு வந்தா. அதைவிட வேடிக்கை, பின்னால ஒரு நாள் நீ சிரிக்கிற பாடம் நடத்தினது.

—வேடிக்கையாமே. "பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பாருங்க"ன்னு பாஸ்டர் சொல்ற மாதிரியே சொன்னாத்தான் உங்க மண்டையில ஏறும்னு அப்படிச் சொன்னேன். சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா பாருங்க. துதிக்கிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க. ஒண்ணு தொங்கினா அது பக்கவாதம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நம்ம பஸ் போய்ச் சேர்ந்துடும். முதல்ல பஸ், அப்புறம் ஜெபம்னேன்.

—ஸெனோபியாவும் ரூத்தெல்லும் பக்கத்துப் பக்கத்துல மாட்டிக்கிட்டாங்க. கேக் பக்குவத்தைத் திருடிட்டான்னு வருஷக்கணக்கா முகம் பார்க்காதவங்க.

—ரூத்தெல் சிரிச்சதைப் பார்க்கணுமே, பல்லு வலிக்காரி மாதிரி. உடனே ஸெனோபியா, "ஐயோ, இவளுக்கு வந்துடுச்சு, பஸ்ஸைக் கூப்பிடுங்க"ன்னு கத்துறா.

—எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்தப் பாடம் எதனால வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

—தெரியும். வேணாம், ஹோசியா, காலங்காத்தால.

—பரவாயில்ல, பேசு. உன்னைத் தவிர அவளைப் பத்திப் பேச எனக்கு யாரு இருக்கா?

—ரெண்டாவது பாட்டுல கோரின் விழுந்தா. பரிசுத்த ஆவி இறங்கிடுச்சுன்னுதான் நெனச்சோம். இங்க விழாதவங்க யாரு? விழுறவங்களைப் பார்த்துக்க வெள்ளை உடுப்புப் போட்ட சபை நர்ஸுங்க நாங்க நாலு பேரும் ஓடி, கால்ல துணியைப் போர்த்தி, விசிறியை எடுத்து விசிறினோம். சபை விடாமப் பாடுச்சு. நீ சந்தோஷத்துல அழுத. பாட்டு முடிஞ்சப்புறம்தான் அவ ஒரு பக்கம் அசையலன்னு பார்த்தோம்.

—அழகாப் பாடினோம் அன்னைக்கு. அதுதான் என்னால தாங்க முடியல. அவளுக்குப் பிடிச்ச பாட்டு வேற.

—உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அவ பொழைச்சிருப்பா. அதனாலதான் இந்த மேசையை ஒரு ஞாயிறும் விடாமப் போடுறேன். காபி குடிக்கிற பசங்களுக்கு அது எங்க தெரியப்போகுது? அட.

—கப்பு விழுந்துடுச்சு.

—விடு, காலிக் கப்புதான். இந்த இடது கை மரத்துப் போய்க் கிடக்கு.

—எப்ப இருந்து?

—இப்பத்தான். இந்த நாற்காலி சட்டத்துல சாஞ்சு உக்காந்தது. பேச்சை மாத்தாத.

—வில்லா மே, என்னைப் பார்த்துச் சிரி.

—ஏன், போட்டோ எடுக்கப் போறியா?

—சும்மா சிரியேன்.

—எழுபது தாண்டின ஆளு மாதிரி நடந்துக்க. சனங்க வர்ற நேரம். இந்தா, சிரிச்சாச்சு.

—இன்னொரு தரம். பல்லு தெரிய.

—பள்ளிக்கூடத்துல எனக்குப் பின் பெஞ்சில உக்காந்தும் இதே தொல்லைதான் நீ. அப்பவே கோரின்கிட்ட சொன்னேன், இவனைக் கட்டாதடி, வாயாடின்னு.

—சொல்லிட்டு, கல்யாணத்துக்கு நீதான் அவளுக்கு உடுப்புத் தெச்சுக் குடுத்த. ஸைலஸ், வெளிய நிக்கிறியாப்பா? பஸ்ஸை வாசலுக்குக் கொண்டுவா. இப்பவே.

—பஸ் எதுக்கு? ஆராதனை தொடங்கப் போகுது. யாருக்கு என்ன?

—சொல்றேன். கூட்டத்துல நான் எப்படிக் கை தூக்குவேன்னு கேட்டல்ல. நீ எப்படித் தூக்குவேன்னு முதல்ல காட்டு. ரெண்டு கையையும்.

—கிழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. உன் ஓட்டு கிடைக்கும்னா இதுவும் செய்யறேன். இந்தா, ரெண்டையும் தூக்கியாச்சு. திருப்தியா?

—ஒண்ணுதான் மேல வந்திருக்கு, வில்லா மே. என் தோள்ல சாஞ்சுக்க. இந்தத் தடவை யாரும் விசிறிக்கிட்டு நிக்கப் போறதில்ல.