வினுஷா எந்த உறுப்பைத் தேர்ந்தெடுப்பது?

மேசைமேல் மணியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மாண்புமிகு தலைவர் மனோரஞ்சிதம் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பின்வரிசையில் சாப்பாடு வந்துவிட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்று, பேணி, பள்ளிக்கும் டியூஷனுக்கும் அனுப்பி, இன்று ஒரு மாலையாவது ஓய்வாக இருக்கலாம் என்று வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட தாய்மார்களே, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்குக் கிராஞ்சி விடுதியிலிருந்து தேக்கா கடைத்தெருவுக்கு வந்து, இந்த அரங்கில் குளிர்சாதனம் இருப்பதைக் கண்டு உள்ளே நுழைந்த தொழிலாளத் தம்பிமார்களே, விழா நாயகி டாக்டர் வினுஷா அவர்களே, அவரைப் பெற்ற பெருந்தகை ஜெயரத்தினம் ஐயா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

கைதட்டிய இருவருக்கும் நன்றி.

வினுஷா உள்மருத்துவத்தில் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்திருக்கிறார். அதற்காகத்தான் இந்தப் பாராட்டு விழா. உள்மருத்துவம் என்றால் என்ன? கத்தி எடுக்காத மருத்துவம். காய்ச்சலும் அதில், காமாலையும் அதில், மூச்சிரைப்பும் அதில், மயக்கமும் அதில். மூன்றாண்டு முடிந்ததும் பாதை பல கிளையாகப் பிரிகிறது. இதயத்துக்கு ஒரு பாதை, சிறுநீரகத்துக்கு ஒரு பாதை, நுரையீரலுக்கு ஒரு பாதை, நீரிழிவுக்கு ஒரு பாதை, முதுமைக்கென்றே தனியாக ஒரு பாதை. ஒன்றில் நுழைந்தால் இன்னும் சில ஆண்டுகள் அதிலேயே பயிற்சி. எதில் நுழைவது என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? படிக்கிற பிள்ளைதான் என்று உலகம் நினைக்கிறது. நம் நற்பணிக் குழு அப்படி நினைக்கவில்லை.

சென்ற மாதம் செயற்குழு கூடியது. வினுஷா எந்த உறுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதே அன்றைய பொருள். வினுஷாவுக்கு அழைப்பு இல்லை; அவர் உறுப்பினர் அல்லவே. விவாதம் அனல் பறந்தது. மூட்டு வலிக்காரர்கள் மூட்டுக்கு வாதாடினார்கள். சர்க்கரைக்காரர்கள் சர்க்கரைக்கு வாதாடினார்கள், இடையில் தேநீர் வந்தபோது மட்டும் சற்று ஓய்ந்தார்கள். ஈரலுக்காக ஒரே ஒருவர் கை தூக்கினார். காரணம் கேட்டோம், சொல்ல மறுத்துவிட்டார். நிறைவில் இதயமே வென்றது. முன்மொழிந்தவர் தந்தையார் ஜெயரத்தினம் ஐயா. தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தைத் தெரிவிக்கச் செயலாளர் ஷங்கர் தொலைபேசியில் அழைத்தார். அந்த உரையாடலை அவரே எனக்கு ஒப்பித்தார், அப்படியே சொல்கிறேன்.

"அங்கிள், நான் ஹார்ட்டுக்கு அப்ளை பண்ணலை. அட்வான்ஸ்ட் இன்டர்னல் மெடிசின்தான் பண்ணப் போறேன்."

"அது எந்த பார்ட்டும்மா?"

"எல்லா பார்ட்டும்தான் அங்கிள்."

ஷங்கர், "பரவால்லை லா, மனசைத் தளர விடாதே. அடுத்த வருஷம் திரும்ப ட்ரை பண்ணலாம்" என்று ஆறுதல் சொன்னாராம்.

சிரிக்காதீர்கள். நம்மில் யார் அப்படி நினைத்திருக்க மாட்டோம்? சாதா தோசையும் ஸ்பெஷல் தோசையும் இருந்தால் விருந்தாளிக்கு எதை வாங்கித் தருகிறோம்? பொது என்றாலே நமக்கு ஒரு இளக்காரம். ஆனால் வினுஷா சொன்ன பாதையும் சிறப்புப் பயிற்சிதான். அதற்கும் விண்ணப்பம் உண்டு, நேர்காணல் உண்டு, தேர்வு உண்டு. பல நோய்கள் ஒன்றாகக் குடியிருக்கும் ஓர் உடம்பை முழு உடம்பாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி அது.

செய்தி ஜெயரத்தினம் ஐயாவின் காதுக்குப் போனது. அன்றிலிருந்து அவர் மகளோடு பேசவில்லை. தோ பாயோவில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு எடுத்து வைத்திருப்பதைக்கூட மகளுக்குக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கிறார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். நான் காப்புறுதிப் பாலிசி விற்று ஓய்வு பெற்றவன். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவரைக் கையெழுத்துப் போட வைப்பது எனக்குத் தொழில். ஐயா சொன்னார்: "நீங்கள் மேடையில வைச்சுச் சொன்னால் பிள்ளை கேட்பாள். ஹார்ட்டையே எடுக்கச் சொல்லுங்கோ. அவளுடைய அம்மா ஹார்ட்டாலதானே போனவள்."

ஆக, சபையோரே, நான் இங்கே பாராட்ட நிறுத்தப்பட்டவன் அல்லன். மனத்தை மாற்ற நிறுத்தப்பட்டவன். இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளாமல் நான் எதையும் விற்றதில்லை. ஆகவே புதன்கிழமை வினுஷாவை அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழேயுள்ள காப்பிக்கடையில் சந்தித்தேன். இதயத்தின் பெருமையைப் பேசினேன். இதயமே இயக்கம், இதயமே இன்னிசை, இதயம் இன்றேல் இவ்வுலகமே இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் தன் தாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சந்திரமதி அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். இதே அரங்கில் கோலப் போட்டிக்கு நடுவராக இருந்தவர். அவருக்கு இதயத்தில் பலவீனம், சிறுநீரகத்தில் பழுது, கூடவே சர்க்கரை. மூன்றுக்கும் மூன்று மருத்துவர்கள், மூன்று இடங்களில். மூவரும் கெட்டிக்காரர்கள். இதய மருத்துவர், உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்தார், சரியான மருந்து. சிறுநீரகத்துக்கு ஆகாது, அதைக் குறையுங்கள் என்றார் அடுத்தவர். அதுவும் சரியான சொல். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் ஒருவர். சாப்பிடுகிற பொருளில் பாதியை வேண்டாம் என்றார் இன்னொருவர். அம்மையார் என்ன செய்தார்? யாரைக் கடைசியாகப் பார்த்தாரோ அவர் சொன்னதைச் செய்தார். அடுத்தவரைப் பார்க்கும்வரை.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? வினுஷா கேட்டிருக்கிறார். அம்மா சொன்ன பதில் இது: "ஒரு டாக்டர் முன்னால இன்னொரு டாக்டர் சொன்னதைச் சொல்லலாமோ? அது மரியாதை இல்லை பிள்ளை."

சபையோரே, நான் ஒன்று கேட்கிறேன். டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்றால், உள்ளே எரிய எரிய, "ஓகே டாக்டர்" என்று சொன்னவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். வெட்கம் வேண்டாம். தலைவர் அவர்களே, உங்கள் கையும் தெரிகிறது. தம்பிமார்களே, நீங்களுமா? ஓகோ, விடுதிக்குத் திரும்பும் லாரி போய்விடும் என்று ஓகே சொன்னீர்களா? அதுவும் கணக்கில் சேரும்.

பாருங்கள், அரங்கமே கை தூக்கியிருக்கிறது. மருத்துவரை மதிக்கிறோம், மருந்தை மதிக்கிறோம், மருந்துப் பையைக்கூட மடித்து வைக்கிறோம். வாயை மட்டும் திறக்க மாட்டோம். நம்மை மனிதராகப் பெற்றார்கள் தாய்மார்கள். நாமோ மருத்துவமனைக்குள் நுழைந்ததும் உறுப்புகளாகப் பிரிந்து நிற்கிறோம். இதயம் திங்கட்கிழமை போகிறது. சிறுநீரகம் வியாழக்கிழமை போகிறது. முழு மனிதர் என்றைக்குப் போவார்? எவரிடம் போவார்? அவர் வந்து உட்கார ஒரு நாற்காலி எங்கே இருக்கிறது?

அந்த நாற்காலிக்கு எதிரே உட்காரத்தான் வினுஷா விரும்புகிறார். மூன்று மருத்துவர் சொன்னதையும் ஒரே மேசையில் வைத்து, இது இருக்கட்டும், இது போகட்டும், அவர்களிடம் நான் பேசுகிறேன் என்று சொல்ல ஒருவர் வேண்டும். தன் தாய்க்கு அப்படி ஒருவர் இல்லாமல் போனார் என்று அந்தப் பெண் சொன்னபோது, என் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நான் அழுதேன். காப்பிக்கடை ஆண்ட்டி எனக்கு ஏதோ கடன் தொல்லை என்று நினைத்து டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனார்.

"இதை அப்பாவிடம் சொன்னாயாம்மா?" என்று கேட்டேன்.

"எப்படி அங்கிள் சொல்றது? ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டுக்கும் அப்பாதான் கூடப் போனார். நான் சொன்னா அவரைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். நாளைக் கழிச்சு பேசலாம், நாளைக் கழிச்சு பேசலாம்னே போயிடுச்சு. அவர் ஒத்துக்கலைன்னா நான் ஹார்ட்டுக்கே போட்டுடறேன். அம்மாவும் இல்லை, அப்பாவும் பேசலைன்னா நான் யாருக்காகப் படிக்கிறது?"

விண்ணப்பம் நாளை போயாக வேண்டும்.

ஜெயரத்தினம் ஐயா, மேடையில் வைத்துச் சொல்லச் சொன்னவர் நீங்கள். ஆகவே மேடையில் வைத்தே சொல்கிறேன். உங்கள் மனைவியின் மறைவு உங்களுக்கு ஒன்றைச் சொன்னது. இதயம் கைவிட்டது, இதயத்தைப் பிடி என்று சொன்னது. உங்கள் மகளுக்கு வேறொன்றைச் சொன்னது. இருவரும் அழுதது ஒரே பெண்மணிக்காகத்தான். உங்கள்மேல் மகளுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் கூடப் போனீர்கள் என்பதைத்தான் அவர் முதலில் சொன்னார். அவரை அவர் வழியில் விடுங்கள் ஐயா. இதைக் கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி? ஒன்றும் இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஐயா எழுந்துவிட்டார். யாரும் வழியை மறிக்காதீர்கள். வெளியே போகிறார் போல... இல்லை, முன்வரிசைக்கு வருகிறார். ஷங்கர், கொஞ்சம் எழுந்து இடம் விடுங்கள். நன்றி.

மகளிடம் ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? பின்னால் கேட்கவில்லை என்கிறார்கள், நான் திருப்பிச் சொல்லலாமா? சொல்லலாமாம். "எனக்கும் மூண்டு டாக்டர், பிள்ளை. ஒருத்தருக்கும் மற்றவரைப் பற்றி நான் சொன்னதில்லை. ரெண்டு மாசமா எழும்பினால் தலை சுத்துது. உனக்கும் சொல்லயில்லை."

வினுஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குப் போனதும் எல்லா மருந்தையும் எடுத்து வைங்கப்பா" என்கிறார். மற்றது அவர்களுக்குள் இருக்கட்டும், மன்னியுங்கள்.

மகள் விரும்பிய பாதைக்கே விண்ணப்பம் போகலாமா என்று அந்தப் பக்கம் ஒருவர் கேட்கிறார். ஐயா தலையை ஆட்டுகிறார். எப்படி ஆட்டுகிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். மேலும் கீழுமாக ஆட்டுகிறார்.

தந்தையையும் மகளையும் சற்று நேரம் யாரும் சென்று வாழ்த்த வேண்டாம். அவர்கள் பேசிப் பல நாள் ஆகிறது. இந்த அளவுக்கு என்னைப் பேச விட்ட தலைவருக்கும், கேட்ட உங்களுக்கும், கேட்பது போல் அமர்ந்திருந்தவர்களுக்கும் என் நன்றி. நாளை டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள், மற்ற டாக்டர் சொன்னதையும் அவரிடம் சொல்லுங்கள். வணக்கம்.